இணைப்பு எங்கே அறுந்தது?
சர்வர் லாக் படித்துப் பழுதறியும் முறை

கிராமக் கணக்கு என்றால் முன்பெல்லாம் பேரேடும் ரசீதுப் புத்தகமுமே நினைவுக்கு வரும். இன்று உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் பலவற்றில் அக்கணக்கு கணினியில் ஏறிவிட்டது. இதனால் விளைந்த நன்மைகள் பல; ஐயமில்லை. ஆயினும் ஒரு வேற்றுமையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பேரேடு மேசைமேல் இருந்தால் யாரும் புரட்டிப் பார்க்கலாம். கணினியிலுள்ள கணக்கோ இணைப்பு இருந்தால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அலுவலக அறையிலுள்ள கணினியில் உறுப்பினர் பெயர், பங்குத் தொகை, வங்கிக் கணக்கு எண், உர இருப்பு, நெல் கொள்முதல் ஆகிய யாவும் சேமிக்கப்பட்டுள்ளன. கிடங்கில் மற்றொரு கணினி. அதில் எழுத்தர் ரசீது போடுகிறார். ஒரு திங்கட்கிழமை காலை, உரம் வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்கும் வேளையில், கிடங்குக் கணினித் திரையில் ‘இணைக்க இயலவில்லை’ என்று ஒரு பெட்டி தோன்றுகிறது. எழுத்தர் அதை மூடிவிட்டு மீண்டும் முயல்கிறார். மீண்டும் அதே பெட்டி. பிறகு ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுகிறார். மற்றொருவர் மென்பொருளை நீக்கித் திரும்ப நிறுவுகிறார். மூன்றாமவர் காவலையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார். மாலைக்குள் ஒரு பழுது மூன்றாகிவிடுகிறது. இடையில் துண்டுத் தாளில் எழுதி வழங்கிய மூட்டைகளும் கிடங்கு இருப்பும் ஒத்துவருவதில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகக் குழுவினரே.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் மதகை உடைப்பதில்லை. வாய்க்காலோரம் நடந்து, ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். ஈரம் முடியும் இடத்தில் அடைப்பு இருக்கிறது. கணினி இணைப்பிலும் இதே முறைதான். ஈரத்தைக் காட்டுவது ‘லாக்’ எனப்படும் நிகழ்ச்சிக் குறிப்பேடு. அதைப் படித்த பிறகே எதையும் மாற்றுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் சாரம்.

நான்கு உறுப்புகள்

முதலாவது, முகப்பு. எழுத்தர் கண்ணெதிரே காணும் படிவம் இது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், லிப்ரெஆபீஸ் பேஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, டிரைவர். முகப்பின் பேச்சைச் சர்வருக்கு விளங்கும்படி மாற்றித் தரும் சிறு மென்பொருள் இது, ‘ஓ.டி.பி.சி.’ என்னும் முறையில் அமைந்த டிரைவர்கள் பரவலாக வழக்கில் உள்ளன. மூன்றாவது, வலை, அதாவது கம்பியும் ரூட்டரும். நான்காவது, சர்வர்; கணக்கு உண்மையில் குடியிருக்கும் இடம் இதுவே.

சர்வர்களில் பல வகை உண்டு. இங்கே போஸ்ட்கிரெஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது அது. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரால் வழங்கி வருகிறது. விலை கொடாமல் பெற்றுப் பயன்படுத்தத் தக்கதாகையால் சிறிய ஸ்தாபனங்களுக்கும் ஏற்றது. அதன் பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். ஆயினும் முக்கியமான சொற்கள் சிலவே. அவற்றை அறிந்துகொள்வது கடினமன்று.

இரண்டு குறிப்புகள்

பழுது நேர்ந்தால் பார்க்க வேண்டிய குறிப்புகள் இரண்டு. ஒன்று, கிடங்குக் கணினித் திரையில் தோன்றும் செய்தி. அதை மூடுமுன் அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுதல் அவசியம்; கைப்பேசியில் படமும் எடுத்து வைக்கலாம். அதிலுள்ள எண்ணை விட்டுவிடலாகாது. மற்றொன்று, சர்வர் எழுதிவைக்கும் லாக். விண்டோஸ் கணினியில் இது வழக்கமாகச் சர்வரின் ‘டேட்டா’ கோப்புறைக்குள் ‘லாக்’ என்னும் உட்கோப்புறையில் இருக்கும்.

லாக்கின் ஒவ்வொரு பதிவும் நாளும் நேரமும் கொண்டு தொடங்கும். அடுத்து ஓர் எண், பின்னர்ச் செய்தியின் தரம், அதன்பின் செய்தி. தரத்தைக் குறிக்கும் சொற்களில் ‘ஃபேட்டல்’ என்பதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். கணக்கே அழிந்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று; அந்த ஓர் இணைப்பு முடிந்துபோயிற்று என்பதே பொருள். ‘பேனிக்’ என்பதே எல்லா இணைப்புகளும் முறிந்ததைக் குறிக்கும். ‘டீடெய்ல்’ என்று தொடங்கும் அடுத்த வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். உண்மைக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நேரத்தையும் கவனிக்க வேண்டும். சர்வர் கிரீன்விச் நேரத்தில் எழுதுமாறு அமைந்திருந்தால், நம் கடிகாரத்தில் 10.15-க்கு நேர்ந்தது லாக்கில் 4.45 என்று இருக்கும்.

‘லாக் கனெக்‌ஷன்ஸ்’ என்னும் அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதனை இயக்கி வைத்தால், இணைப்புக் கோரிக்கை வந்து சேர்ந்தது, இன்னார் என்று உறுதியாயிற்று, உள்ளே அனுமதிக்கப்பட்டது எனப் படிப்படியாகப் பதிவாகும். இதன்பின் ஒரு வரியும் பதிவாகாவிட்டால் அதுவும் ஒரு செய்தியே: கோரிக்கை சர்வரை வந்தடையவே இல்லை.

முதற்படி: மேசையிலேயே நின்றுவிட்டது

சர்வர் லாக்கில் ஏதும் இல்லை, திரையில் ‘ஐ.எம். 002’ என்னும் எண் உள்ளது எனில், முகப்பு தனக்குரிய இணைப்பு விவரத்தையே கண்டுபிடிக்கவில்லை என்று அறியலாம். இணைப்பு விவரத்துக்கு ஒரு பெயர் இடப்பட்டிருக்கும். அப்பெயரில் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். அல்லது ‘யூசர்’ வகையில் ஒருவர் அமைத்த விவரம், வேறொருவர் தம் பெயரில் கணினிக்குள் நுழையும்போது தெரியாமற் போகலாம். எழுத்தர் மாறிய மறுநாளே இப்பழுது தோன்றுவதற்கு இது ஒரு காரணம். பலரும் மாறி மாறி அமரும் கணினியில் அதனைச் ‘சிஸ்டம்’ வகையில் அமைத்துவிட்டால் இத்தொல்லை இராது.

‘ஐ.எம். 014’ என்றால் முகப்பும் டிரைவரும் அளவில் பொருந்தவில்லை. 32 பிட் ஆக்சஸுக்கு 32 பிட் டிரைவரும், 64 பிட் ஆக்சஸுக்கு 64 பிட் டிரைவரும் வேண்டும். விண்டோஸில் ஓ.டி.பி.சி. அமைக்கும் கருவிகளும் இரண்டு. கோப்புறைப் பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது: 64 பிட் கருவி ‘சிஸ்டம் 32’ என்னும் கோப்புறையிலும், 32 பிட் கருவி ‘சிஸ்வாவ் 64’ என்னும் கோப்புறையிலும் இருக்கின்றன. இவ்விரு பழுதுகளுக்கும் சர்வரில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வழியில் நின்றுவிட்டது

இங்கே இரு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றும் 10061 என்றும் வந்தால், அந்த முகவரியிலிருந்து மறுப்பு வந்தது என்று பொருள். ‘டைம்ட் அவுட்’ என்றும் 10060 என்றும் வந்தால், பதிலே வரவில்லை என்று பொருள். கதவைத் தட்டி ‘இங்கே அவர் இல்லை’ என்னும் குரல் கேட்பதும், எவ்வளவு தட்டியும் குரலே கேளாதிருப்பதும் வேறு வேறல்லவா?

மறுப்பு வந்தால், அந்தக் கணினி பெரும்பாலும் உயிருடன் இருக்கிறது. அந்த வாயிலில் போஸ்ட்கிரெஸ் இல்லை என்று கொள்ளலாம். போஸ்ட்கிரெஸின் வழக்கமான வாயில் எண், அதாவது போர்ட் எண், 5432. சேவை நின்றுபோயிருக்கலாம். அல்லது ‘லிசன் அட்ரஸஸ்’ என்னும் அமைப்பு தொடக்க நிலையிலேயே இருக்கலாம். அந்நிலையில் சர்வர் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே செவி சாய்க்கும். அலுவலக அறையில் வேலை செய்கிறது, கிடங்கில் மட்டும் இல்லை என்றால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். இதனை மாற்றியபின் சேவையை நிறுத்தித் தொடங்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

பதிலே இல்லையெனில், முகவரி மாறியிருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம், அல்லது ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருள் ஓசையின்றித் தடுத்திருக்கலாம். ஃபயர்வாலை முழுதும் அணைப்பது தவறு. கிடங்குக் கணினிக்கு 5432 என்னும் ஒரு வாயிலை மட்டும் அனுமதித்தால் போதும்.

புதிய பதிப்பு நிறுவிய பின்னர் ஒரு விந்தை நேர்வதுண்டு. பழைய பதிப்பு 5432-இல் இருந்துகொண்டிருந்தால், புதியது 5433-இல் அமர்ந்துவிடலாம். முகப்பு பழைய வாயிலுக்கே செல்லும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஆனால் நேற்றைய ரசீதைக் காணோம் என்பர். அத்தகைய வேளையில் ரசீதை மறுபடி பதியாமல் போர்ட் எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் படி: வாசலில் நின்றுவிட்டது

இப்பொழுது சர்வர் லாக்கில் வரி தோன்றுகிறது. ‘நோ பி.ஜி. எச்.பி.ஏ. கான்ஃப் என்ட்ரி’ என்று தொடங்கும் செய்தி அது. பி.ஜி. எச்.பி.ஏ. கான்ஃப் என்பது எந்த முகவரியிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு, எம்முறையில் வரலாம் என்று எழுதியுள்ள அனுமதிக் கோப்பு. செய்தியிலேயே வந்தவரின் முகவரியும் பயனர் பெயரும் தரவுத்தளத்தின் பெயரும் இருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். அனுமதிக் கோப்பில் 192.168.1.25 என்னும் முகவரி எழுதியிருக்கிறது. லாக்கில் 192.168.1.31 என்று வருகிறது. ரூட்டரை மாற்றியதாலோ அணைத்துப் போட்டதாலோ கிடங்குக் கணினிக்குப் புதிய முகவரி கிடைத்திருக்கிறது. அதற்கு நிலையான முகவரி கொடுப்பதே தீர்வு. முகவரி சரியாக இருந்து, செய்தியின் கடைசியில் ‘நோ என்கிரிப்ஷன்’ என்று இருந்தால், மறைகுறி இணைப்பு மட்டுமே வரலாம் என்று கோப்பு கூறுகிறதா எனப் பார்த்து, முகப்பில் அதை இயக்க வேண்டும்.

இக்கோப்பை சர்வர் மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் வரியையே ஏற்கும். அதில் தோற்றால் அடுத்த வரியைப் பாராது. ஆகையால் சரியான வரியைக் கீழே சேர்த்தும் பயனில்லாமற் போவதுண்டு. மேலே வேறொரு வரி பொருந்திவிட்டதே காரணம்.

நான்காம் படி: பாஸ்வேர்டில் நின்றுவிட்டது

‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று திரையில் கண்டவுடன் பாஸ்வேர்டை மாற்றத் துணிவர். பொறுத்தல் வேண்டும். அந்நியர் ஊகிக்கலாகாது என்பதற்காக, பயனர் பெயரே இல்லாவிட்டாலும் சர்வர் இதே செய்தியைத்தான் திரைக்கு அனுப்பும். மெய்க்காரணத்தை லாக்கின் ‘டீடெய்ல்’ வரியில் மட்டும் எழுதும். அப்பெயரில் பயனர் இல்லை, பாஸ்வேர்டின் காலம் முடிந்தது, பாஸ்வேர்டே இடப்படவில்லை என்றெல்லாம் அங்கே காணலாம். திரையை மட்டும் பார்த்தவர் ஒன்றை அறிவார். லாக்கையும் பார்த்தவர் நான்கைப் பிரித்தறிவார்.

பதிப்பு உயர்த்திய பின் வரும் பழுதும் ஒன்றுண்டு. 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் ‘ஸ்கிராம்’ என்னும் வலிமையான பாஸ்வேர்டு முறை சேர்க்கப்பட்டது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் புதிய பாஸ்வேர்டுகளுக்கு அதுவே இயல்பான முறையாயிற்று. பழைய டிரைவர் இதனை அறியாது. ‘ஆதென்டிகேஷன் மெத்தட் 10 நாட் சப்போர்ட்டட்’ என்று நின்றுவிடும். டிரைவரைப் புதுப்பிப்பதே மருந்து. டிரைவர் புதிதாக இருந்தும், ‘ஸ்கிராம்’ முறையில் சேமித்த பாஸ்வேர்டு இப்பயனருக்கு இல்லை என்று டீடெய்ல் வரி கூறினால், பாஸ்வேர்டை ஒரு முறை புதிதாக இட்டால் போதும். பழைய எம்.டி.5 முறைக்குத் திரும்புவது நல்லதன்று; 2025-இல் வெளியான 18-ஆம் பதிப்பு அம்முறை கைவிடப்பட உள்ளது என்று அறிவித்துவிட்டது.

ஐந்தாம் படி: உள்ளே சென்றபின் நின்றுவிட்டது

‘டேட்டாபேஸ் டஸ் நாட் எக்சிஸ்ட்’ என்றால் தரவுத்தளத்தின் பெயர் தவறு. ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ என்றால் இடம் நிரம்பிவிட்டது. போஸ்ட்கிரெஸ் தொடக்க அமைப்பில் 100 இணைப்புகளை ஏற்கும். இரண்டு கணினியுள்ள அலுவலகத்தில் 100 நிரம்புமாயின், இணைப்பைத் திறந்து மூடாமல் விடும் படிவம் எது என்று தேட வேண்டும். எண்ணை உயர்த்துவது மட்டும் தீர்வாகாது. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் அப்பயனருக்கு அந்த அட்டவணையில் உரிமை அளிக்கப்படவில்லை. இவை யாவும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்பதற்கே சான்று; கம்பியையும் ரூட்டரையும் தொடவேண்டாம்.

செய்யலாகாதவை

பழுதைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடும் குறுக்கு வழிகள் சில உண்டு. அனுமதிக் கோப்பில் ‘டிரஸ்ட்’ என்று எழுதினால் பாஸ்வேர்டே கேளாது. முகவரி இருக்கும் இடத்தில் 0.0.0.0/0 என்று எழுதினால் எந்த முகவரிக்கும் அவ்வரி பொருந்தும். ரூட்டரில் 5432 வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவிட்டால் இணையத்தில் எவரும் வந்து தட்டலாம். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால், உறுப்பினர்களின் பெயரும் நிலமும் வங்கிக் கணக்கு எண்ணும் தெருவில் விரித்துவைத்தது போலாகும். இணைப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருப்பர். கேட்டை ஒருவரும் அறியார். பிறருடைய தனி விவரங்களை வைத்திருப்போர் அவற்றைத் தக்க காவலுடன் காக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கை. சட்டம் இல்லாவிட்டாலும் நம்பிக் கொடுத்தவரின் விவரத்தைக் காப்பது நம் கடமையன்றோ?

‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தலைமைப் பயனரை ரசீதுப் படிவத்துக்குக் கொடுப்பதும் தகாது. கிடங்கு எழுத்தருக்குக் கிடங்கின் சாவி போதும். பெட்டகச் சாவி வேண்டியதில்லை.

மற்றொரு ஆபத்தும் உண்டு. வட்டு நிரம்பிச் சர்வர் நின்றுவிட்டால், இடம் உண்டாக்குவதற்காகச் சிலர் ‘லாக்’ என்று கண்டதையெல்லாம் அழிக்கின்றனர். போஸ்ட்கிரெஸில் முன்பு ‘பி.ஜி. எக்ஸ்லாக்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. அது செய்திக் குறிப்பேடு அன்று. கணக்கைப் பிழையின்றி மீட்பதற்கு இன்றியமையாத பதிவுகள் அடங்கியது. பெயரைக் கண்டு ஏமாந்து பலர் அழித்து இழப்புற்றமையால், 10-ஆம் பதிப்பில் அதன் பெயரையே ‘பி.ஜி. வால்’ என்று மாற்றிவிட்டார்கள். டேட்டா கோப்புறைக்குள் எதையும் கையால் அழிக்கக் கூடாது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம்.

நிர்வாகக் குழு கேட்க வேண்டியவை

பஞ்சாயத்து உறுப்பினர்களும் கம்பெனி நிர்வாகிகளும் கணினி வல்லுநராக வேண்டியதில்லை. ஆனால் பழுது பார்க்க வந்தவரிடம் ஐந்து வினாக்களைக் கேட்கலாம்.

1. திரையில் தோன்றிய செய்தியும் எண்ணும் என்ன? நோட்டில் உள்ளதா?

2. அதே நேரத்தில் சர்வர் லாக்கில் என்ன எழுதியிருந்தது, அல்லது எழுதவே இல்லையா?

3. கடைசியாக நன்றாக வேலை செய்தபின் எது மாறியது? ரூட்டரா, பதிப்பா, எழுத்தரா?

4. பழுதுக்காக மாற்றியவை எவை? ஒவ்வொன்றாக மாற்றினீர்களா? பயன்படாத மாற்றத்தைப் பழையபடி வைத்துவிட்டீர்களா?

5. ‘டிரஸ்ட்’ என்னும் சொல்லோ எல்லோருக்கும் திறந்த வரியோ அனுமதிக் கோப்பில் இருக்கிறதா?

இவற்றுக்கு விடை பெற்றபின்னரே கூலிச் சீட்டில் கையொப்பமிடலாம். விடைகளை நாள், நேரத்துடன் ஒரு பழுது நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த முறை அதே பழுது வரும்போது அரை நாள் வேலை அரை மணியில் முடியும். எழுத்தர் மாறினாலும் அறிவு அலுவலகத்திலேயே தங்கும். கூடவே, இணைப்பு இல்லாத நாளுக்கென்று வரிசை எண் இட்ட ஒரு ரசீதுப் புத்தகத்தை மேசையில் வைத்திருப்பது விவேகம். துண்டுத் தாளுக்கு இடம் கொடாமல் அதில் எழுதி வழங்கி, இணைப்பு வந்தபின் எண் வாரியாகப் பதிந்துகொண்டால் இருப்பும் ஒத்துவரும். வந்த விவசாயியும் உரத்தோடு வீடு திரும்புவார்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம்மவர் பழமொழி. பிழைச் செய்தி என்பது நம்மை மிரட்டுவதற்காக வருவதன்று. அடைப்பு எந்த இடத்தில் என்று சுட்டிக்காட்டவே வருகிறது. அதனைப் பொறுமையுடன் படித்து, படி அறிந்து, அந்தப் படியில் மட்டும் கை வைப்பார்களாயின் கணினிக் கணக்கும் பேரேட்டைப் போலவே நம்பிக்கைக்குரியதாக விளங்கும். ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்திலேயே ஒரு பழுது நோட்டைத் தொடங்கி வைப்பதாக.